பெரியவள் போட்ட தாழ்ப்பாள்

அந்த வீட்டு வாசல் கதவுக்கு ஐம்பத்தைந்து வருஷமாகத் தாழ்ப்பாள் கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயம். திருடர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். இருந்தும் ஒரு திருடன்கூட உள்ளே கால் வைத்ததில்லை. வைத்தால் என்ன நடக்கும்? அந்த வீட்டு அக்கா அவன் கையில் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைத் திணித்து, "நல்லா இழுத்துப் புடிப்பா" என்பார். நூற்றிருபது விரிப்பு மடித்து முடிப்பதற்குள் அவன் பிறந்த கதை, வளர்ந்த கதை, திருடப் போன கதை எல்லாவற்றையும் கக்கியிருப்பான். அப்புறம் தட்டு நிறையச் சோறு. ஏப்பம் விட்டுக்கொண்டே எவன் எதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

எதிர் வீடு என்னுடையது. பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருஷம் டைம் கீப்பராக நின்று கத்தியவன் நான். என் பேச்சில் பத்துக்கு மூன்று பங்கு மிகை இருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அந்த மூன்று எது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. ஆகையால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வைத்திருந்தது ஒரு லாண்டரி. இருபத்தொன்பதாவது வயதில், ஒரு காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஏழு வயசுப் பெண்ணையும் மூன்று வயசுப் பையனையும் இழுத்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தார். கையில் இரண்டு தொட்டி, ஒரு கரி இஸ்திரிப் பெட்டி. பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத் தொட ஆள் இல்லாமல் இருந்த காலம் அது. ரத்தம், சீழ், இன்னும் என்னென்னவோ. "மனுஷன் ஒடம்புல இருந்து வந்ததுதானே?" என்று கேட்டுவிட்டு அக்கா தொட்டியில் இறங்கினார். அவ்வளவுதான், அப்புறம் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஹோட்டல்கள் வந்தன, பாய்லர் வந்தது, வேன் வந்தது, பதினாலு பேர் வேலைக்கு வந்தார்கள். அக்கா துவைத்த விரிப்புகளை ஒட்டுப் போட்டுத் தைத்தால் இந்த ஊருக்கே மேலே ஒரு கூரை போட்டுவிட்டு, மிச்சத்தில் பக்கத்து ஊர்க்காரன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு சட்டை தைக்கலாம்.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். உதறி, இழுத்து, நீளவாக்கில் ஒரு மடி, மறுபடி ஒரு மடி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அந்த வீட்டுக்கு யார் எதற்காக வந்தாலும் முதலில் மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். மின்சார பில் எழுத வந்தவர் பிடித்திருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போகும் வழியில் தண்ணீர் குடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாகப் பிடித்திருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியை ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விடுவார். ஒவ்வொரு மடிக்கும் முகத்துக்கு முகம் வந்தாக வேண்டுமே! நாற்பதாவது விரிப்புக்கு ஒருவர் சிரித்துவிடுவார். மதியம் பாய்லரை அணைத்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. கடைசி ஆள் கை கழுவிய சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா தன் தட்டை எடுப்பார். வாழ்நாளில் ஒரு வேளைகூட அவர் அதற்கு முன்னால் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர், எண்பத்துநாலு வயதில், திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, கொடியில் காய்ந்ததை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினார். நடந்தார் என்று எழுத மாட்டேன், ஓடினார். வழுக்கி இடுப்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், அவர் துவைத்த விரிப்புகளிலேயே படுத்திருந்தார். "மூலையில நீலம் சரியா கலக்கலை" என்று அங்கிருந்தே மகளுக்குச் சொல்லி அனுப்பினார். அங்கேயே நெஞ்சில் சளி கட்டி, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆகி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்.

"இன்னொரு சளி வந்தா தாங்க மாட்டாங்க" என்றார் டாக்டர். "இருமல், தும்மல்னு யாரும் கிட்ட வரக் கூடாது. நீங்க ரெண்டு மூணு பேர், அதுவும் மாஸ்க் போட்டுக்கிட்டு. வேற யாரும் வேணாம்."

அன்று மத்தியானமே பெரியவள் கடைக்குப் போய் ஒரு முழ நீளத்துக்குத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, தானே திருப்புளி பிடித்து முடுக்கினாள். பெரியவள் என்றால் அக்காவின் மகள். அறுபத்திரண்டு வயது. ஏழு வயதில் கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று மறுமுனை பிடித்தவள். இன்றுவரை பிடியை விடவில்லை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "மடிக்க ஆள் வேணுமே" என்பாள். தம்பி வேன் ஓட்டுகிறான். தம்பி பெண்டாட்டி, அக்காவின் மருமகள், சமையல்.

வேலையெல்லாம் பின்கட்டுக் கொட்டகைக்குப் போனது. ஆட்கள் சந்து வழியாக வந்து, டப்பாவில் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு, சந்து வழியாகவே போனார்கள். வாசலில் வந்தவர்களை எல்லாம் பெரியவள் ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்பினாள். மதியம் ஒரு மணிக்கு அந்த வீடு அப்படி ஓய்ந்து கிடந்ததை என் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஈ பறந்தால் எதிர் வீட்டில் எனக்குக் கேட்டது.

அக்கா சாப்பாட்டை நிறுத்தினார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா" என்றாள் பெரியவள்.

"ஒரு தட்டுச் சத்தமும் கேக்கலையே."

"மெதுவா கழுவுறாங்க."

"அப்போ அவங்க முடிக்கட்டும். எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த அப்புறம் நாலு நாளாகியும் வரவில்லை. அரை டம்ளர் பால், இரண்டு வாய் கஞ்சி. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விடலாமா என்று பேச ஆரம்பித்தார்.

யோசனை மருமகளுடையது. அடுப்படியில் பத்துப் பதினைந்து வெறும் தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டு, சலசலவென்று கழுவி, டங்கென்று கவிழ்த்தாள். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"யாரு வந்தா?"

"தையல்காரர், அவங்க வீட்டம்மா, அப்புறம் பால்காரர்" என்றாள் மருமகள்.

"சரி. எனக்கும் கொஞ்சம் கொண்டா."

அன்று கரண்டி நிறைய ஆறு வாய் சாப்பிட்டார். பெரியவள் தெருவைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, தட்டுச் சத்தம் மட்டும் பத்தாது. பேச்சுக் குரல் இல்லையேன்னு இப்பவே கேக்குறாங்க. உங்களுக்குத்தான் எல்லார் குரலும் வருமே."

வருமாவது! முப்பத்துநாலு வருஷத்தில் அத்தனை டிரைவர், கண்டக்டர் குரலிலும் அவரவர் பெண்டாட்டிக்குப் போன் பண்ணி லீவு சொன்னவன் நான். மறுநாள் அறைக்கு வெளியே, கூடத்தில் போய் உட்கார்ந்தேன். தையல்காரராகப் பேசினேன், அவர் மனைவியாக அவரைத் திட்டினேன், பால்காரராக நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். மூன்றாம் நாள் ஏழு பேர் ஆகிவிட்டேன். ஏழு பேரும் ஒரே நேரத்தில் குழம்பு கேட்டார்கள். ஒருவருக்கு விக்கல் எடுத்தது. இன்னொருவர் முதுகில் தட்டினார். மருமகள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகோ.

உள்ளேயிருந்து ஒவ்வொரு நாளும் கேள்வி வரும். "தையல்காரரே, பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?" நான் அமைத்துக் கொடுப்பேன். "பால்காரரே, மாடு கன்னு போட்டுச்சா?" போட்டுவிட்டது என்பேன், இரட்டைக் கன்று. அக்கா தட்டைக் காலி செய்தார். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. பத்து நாள் ஓடியது. குழாய்ப் பேச்சை டாக்டர் விட்டுவிட்டார்.

பதினோராம் நாள், மதியம், உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாய்லரு வரலையா இன்னைக்கு?"

மருமகள் கையிலிருந்த தட்டு நின்றது. பாய்லர்காரர் அக்காவிடம் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். தினமும் சாப்பாட்டில் குறை சொல்லாமல் ஒரு வாய் விழுங்க மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார்.

"மறந்துட்டாங்க போல" என்று பெரியவள் உதட்டை அசைத்தாள். கண் கலங்கிவிட்டது. "இல்லேன்னு சொன்னா அழுவாங்க மாமா. சாப்பாட்டை விட்டுடுவாங்க. பேசிடுங்க."

நல்ல புத்தி உள்ளவன் எழுந்து போயிருப்பான். எனக்கோ அந்தக் குரல் பத்து நாளாகத் தொண்டையிலேயே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. லாரி ஸ்டார்ட் ஆகாமல் இருமுவதுபோல் செருமினேன்.

"வந்துட்டேன் மொதலாளியம்மா. இது என்ன குழம்பு? உப்பும் இல்லை, ஒறைப்பும் இல்லை. இதுக்குப் பாய்லர் தண்ணியவே ஊத்தியிருக்கலாம்!"

அச்சு அசல். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.  ஒரு பஸ் கிளம்பிப் போகிற நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாய்லரை உள்ள வரச் சொல்லு."

பெரியவள் என் முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டினாள். போனேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அக்காவைக் கிட்டத்தில் பார்த்தேன். தலையணை பெரிசாகவும் முகம் சின்னதாகவும் ஆகியிருந்தது. கண் மட்டும் அதே கண்.

"தம்பி, அவன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. கடைசியா போட்டு அனுப்பின சட்டைக்கு நான்தானே இஸ்திரி போட்டேன்? காலர் ரெண்டு தடவை தேய்ச்சேன்."

"தெரிஞ்சேவாக்கா கேட்டீங்க?"

"நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன். நல்லா தூரம்தான் போற."

"எப்போலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து. சாப்பிட்ட தட்டு விழற சத்தம் வேற, வெறும் தட்டு விழற சத்தம் வேற. அம்பத்தஞ்சு வருஷம் கேட்ட காதுடா இது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பால்காரன் மாட்டை வித்துட்டு பாக்கெட் பால் போட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. நீ ரெட்டைக் கன்னு போட வெக்கிற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. மாஸ்க் நல்லதுதான்.

"அப்புறம் ஏன்மா சாப்பிட்டே?" என்றாள் வாசற்படியில் நின்ற பெரியவள்.

"வெறும் தட்டைக் கழுவிக் கழுவி அந்தப் பொண்ணு கை ஊறிப்போச்சு. இந்தத் தம்பி ஏழு பேருக்குப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. இவ்வளவு செய்யறப்போ சாப்பிட மாட்டேன்னு நான் வாயை மூடிக்கிட்டா நல்லாவா இருக்கும்? வாங்கிக்கிட்டேன்."

 வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரத்தில் அடித்தது.

"போதும்" என்றார் அக்கா. "தாழ்ப்பாளை எடுத்துடு."

"மாட்டேன்."

"பெரியவளே."

"மாட்டேம்மா. டாக்டர் சொன்னது கேட்டுச்சா? இப்படியே இருந்தா இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம்கூட இருப்பே. கதவைத் தொறந்தா ஊரே உள்ள வரும். எவனாவது ஒருத்தன் இருமினா முடிஞ்சுது."

"ஒரு வருஷம் யாரைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்க?"

"என்னைப் பாத்துக்கிட்டு இரு!"

பெரியவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவளுக்கே அது புதிசாக இருந்திருக்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்பத்தஞ்சு வருஷமா உன்னை ஊரோட பங்கு போட்டுக்கிட்டேன். ஸ்கூல் விட்டு வந்தா உன் எதிர்ல வேற யாராவது நின்னு மடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்க கதையைக் கேப்பே. என்னைப் பாத்து, 'தட்டெடுத்து வை'ன்னு சொல்வே. அது ஒண்ணுதான் எனக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீயும் நானும் மட்டும் உக்காந்து சாப்பிட்டோமா? இந்தப் பதினஞ்சு நாள்தாம்மா நீ எனக்கு மட்டும் இருந்தே. அதையும் தொறந்து விடணுமா?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போகலாமா என்று பார்த்தேன். வழியை மறித்து நின்றிருந்தாள். இப்போது சொல்லப்போவதில் ஒரு பங்குகூட மிகை இல்லை.

"நாம இங்க வந்த வருஷம் உனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு" என்றார் அக்கா மெதுவாக. "அடுப்புச் சூடு இதமா இருக்கும்னு தொட்டி பக்கத்துலயே உன்னைக் கோணியில படுக்க வெச்சேன். ஆஸ்பத்திரித் துணி மறுநாள் காலையில கொடுத்தாகணும். நீ 'அம்மா அம்மா'ன்னு ராத்திரி பூரா கூப்பிட்ட. நான் 'இதோ இதோ'ன்னு துவைச்சுக்கிட்டே இருந்தேன். விடியறதுக்குள்ள காய்ச்சலும் விட்டுடுச்சு, துணியும் முடிஞ்சுது. அதை மறந்துட்டேன்னு நினைச்சியா?"



"இப்படி வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். அக்காவின் கை போர்வைக்கு வெளியே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ நனைந்த விரிப்புகளைப் பிழிந்த கை. நகங்கள் தேய்ந்து, நீலம் ஏறி இருந்தது.

"இன்னைக்கு யாரும் வேணாம்" என்றார். "நீ மட்டும் இரு. ரெண்டு தட்டு போட்டு எடுத்துட்டு வா. நாளைக்குத் தொற. உன் கையாலதான் தொறக்கணும், வேற யாரும் தொட வேணாம்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ."

முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

அன்று மத்தியானம் முழுவதும் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரியே நம்ப மாட்டாள்; ஆனால் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, டீ நேரத்துக்கு, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது கேட்டது. அவ்வளவுதான். பெரியவளின் தம்பி மட்டும் பிற்பாடு சொன்னான்: "எங்க அக்கா தலையை அம்மா சீவி விட்டுக்கிட்டு இருந்தாங்க மாமா. படுத்தபடியே."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவள் திருப்புளியோடு வாசலுக்கு வந்தாள். நாலு திருகாணி. ஒவ்வொன்றையும் அவசரமே இல்லாமல் கழற்றினாள். நாலாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான் எழுந்தேன், கையை நீட்டித் தடுத்தாள். கழற்றி முடித்ததும் ஓட்டைகளில் சோப்பை அடைத்துத் துடைத்துவிட்டாள்.

வந்தார்களே பார்க்க வேண்டும்! டிப்போவில் ஸ்ட்ரைக் முடிந்த நாளில்கூட அப்படிக் கூட்டம் பார்த்ததில்லை. தையல்காரர் வந்தார், தன் பெண்ணுக்கு நான் வரன் முடித்த சமாச்சாரம் தெரிந்து என்னை முறைத்தார். ஆஸ்பத்திரி நர்சுகள் ஷிப்டு மாறுகிற இடைவெளியில் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் பெரியவள் மாஸ்க் மாட்டினாள். சாப்பிடும்போது கழற்றித்தானே ஆக வேண்டும்? அறை வாசலிலேயே பந்தி. அக்கா கட்டிலில் படுத்தபடி யார் தட்டில் என்ன குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரப் பெண்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று விரிப்பு மடித்தார்கள்.

பத்தொன்பது நாள்.

பதினாறாம் நாள் இருமல் தொடங்கியது. யாரிடமிருந்து என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தங்களிடமிருந்துதான் என்று சந்தேகம். எனக்கும்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பெரியவளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பத்தொன்பதாம் நாள் முற்பகல், இஸ்திரிக்காரப் பெண் ஒருத்தி தன் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆட்டோ கிடைக்காமல் அலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோ கிடைத்தது, ஆஸ்பத்திரி கேட் வந்தது. அங்கே நிமிர்ந்து பார்த்தபோது அக்கா இல்லை. "என்ன கொழந்தைன்னு சொல்றதுக்குள்ள போயிட்டாங்களே" என்று அவள் அன்று முழுக்க அதையே சொல்லி அழுதாள்.

கூட்டம் எல்லாம் வந்து, எல்லாம் போனது. நாலாம் நாள் மதியம் வீட்டில் பெரியவள், மருமகள், நான். சாப்பாடு அப்படியே இருந்தது. ஒருவரும் தட்டெடுக்கவில்லை.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க" என்றாள் பெரியவள். "மிகைப்படுத்தாம. நான் தொறக்காம இருந்திருந்தா?"

வாயைத் திறந்தேன். முப்பத்துநாலு வருஷம் எந்த பஸ் எப்போது வரும் என்று கேட்டவனுக்கெல்லாம் பதில் சொன்னவன். 

"இருந்திருப்பாங்க" என்றாள் அவளே. "இன்னைக்கு இருந்திருப்பாங்க."

அப்போது வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். வெளியூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை சலவைத்தூள் ஆர்டர் எடுக்க வருகிறவர். எழுபதைத் தொடுகிற வயது, தோளில் பை, மூன்று பஸ் மாறி வந்த களைப்பு. அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.

"என்னம்மா, வீடே அமைதியா இருக்கு? ஆளுங்க எல்லாம் எங்க? காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடலை, தெரியுமா. இங்க வந்து பாத்துக்கலாம்னு வழியில எங்கயும் எறங்கலை. அம்மா மாடியிலயா?"

நான் எழுந்தேன். பெரியவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்தேன்.

"கை கழுவிட்டு வாங்கண்ணா" என்றாள்.

தட்டு வைத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் சாப்பிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தன் தோளிலேயே தூங்கிவிட்ட கதையைச் சொன்னார். பெரியவள் "உம்" கொட்டினாள். மறுசோறு கேட்டார், போட்டாள். "அம்மா கை மாதிரியே இருக்கு" என்றார். மருமகள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேனே, அப்புறம் சாவகாசமா..."

"மொதல்ல நல்லா சாப்பிடுங்கண்ணா. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும் போதும், வயிறு நெறைஞ்சுடுச்சு."

தட்டை அவளே எடுத்தாள். அவர் கை கழுவினார், வாய் கொப்பளித்தார். துண்டை நீட்டினாள். ஒவ்வொரு விரலாக அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்படி உக்காருங்கண்ணா" என்றாள், எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு.